சாட்சிக் குழாய்

அந்த ஆய்வகத்தில் ஆரோக்கியமான ஆளின் ரத்தத்துக்குச் சாட்சி என்று பெயர். நோயாளியின் ரத்தத்தோடு அதையும் சேர்த்து ஓட்டுவார்கள். சாட்சி சரியாகப் பேசினால்தான் நோயாளியின் முடிவை நம்பலாம். சாட்சி உளறினால் ரசாயனத்தில் கோளாறு என்று அர்த்தம். மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சாட்சிக்கு வெளியே ஆள் தேட யாருக்கும் பொறுமை கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர்களே முறைபோட்டுக் கை நீட்டுவார்கள். இந்த முறை தம்பியின் கை. ஊசி குத்தியவன் ரேடியோ. வாய் ஓயாத ஆள் என்பதால் அந்தப் பெயர்.

"என்னப்பா இது, ஒரு குத்துக்கே இப்படிக் கன்னிப் போச்சு? உனக்கு உடம்பா, வாழைத்தண்டா?"

"குத்தத் தெரியாம குத்திட்டு என் உடம்பைச் சொல்லு. வேலையைப் பாருய்யா."

நோயாளியின் குழாயில் இருந்தது தம்பியின் அண்ணன் ரத்தம். அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். சில வருடங்களாக ரத்தப் புற்று, மெதுவாக ஊர்கிற வகை. மருந்துகூட வேண்டாம், கவனித்து வந்தால் போதும் என்றிருந்தார் டாக்டர். இப்போது வெள்ளணுக்கள் திடீரென்று ஏறிவிட்டன. டாக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காவல் மரபணு திறந்திருக்கிறதா, பூட்டிக் கிடக்கிறதா?

செல்கள் கண்டபடி பெருகாமல் அதட்டி வைப்பது அந்த மரபணுவின் வேலை. அதில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்காது. ஆனால் மீத்தைல் என்கிற பொடி ஒட்டுகள் அதன் வாசலில் அப்பிக்கொண்டால் செல் அதைப் படிப்பதை விட்டுவிடும். காவல்காரன் உயிரோடுதான் இருப்பான், வாய் மட்டும் அடைத்துப்போயிருக்கும். அதைத்தான் ஆய்வகத்தில் பூட்டு என்பார்கள். பூட்டு விழுந்தால் நோய் ஊர்வதை விட்டு ஓட ஆரம்பிக்கும். பிறகு கடும் மருந்து, அதன் பிறகு எலும்பு மஜ்ஜை மாற்று. தம்பியின் மஜ்ஜை பொருந்துகிறது என்று முன்பே பார்த்து வைத்திருந்தார்கள். வேறு யாருடையதும் பொருந்தவில்லை.

சோதனை எளிது. ரசாயனத்தில் ஊறப்போட்டால் ஒட்டில்லாத எழுத்துகள் மாறிவிடும். ஒட்டு உள்ளவை அசையாது. ரசாயனம் வீரியமிழந்திருந்தால் எதுவுமே மாறாது, திறந்த கதவும் பூட்டியது போலத் தெரியும்.

திரையில் முதலில் வந்தது அண்ணனுடையது. பூட்டு. அடுத்து சாட்சி வந்தது. அதுவும் பூட்டு. தம்பி வாய்விட்டுச் சிரித்தான். ஜன்னலோரம் வெயிலில் கிடந்த ரசாயனப் பாட்டில், மூடியும் சரியாக இறுகாதது. அதைத் தொட்டதே தப்பு. உடனே போன் போட்டான்.

"அண்ணா, ரசாயனம் கெட்டுப்போச்சு. உன்னுது, என்னுது, ரெண்டுமே பூட்டுன்னு காட்டுது. புதுசு வாங்கித் திரும்பப் போடறேன்."

"உன்னுது பூட்டா? அப்ப சந்தேகமே இல்ல, அது ஓட்டைப் பாட்டில்தான். சளிகூடப் பிடிக்காத மாடுடா நீ." பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "டேய், ஜன்னல்ல தலைய நீட்டாத! உன்ன இல்லடா தம்பி. அப்படியே பூட்டுன்னாலும் எனக்கென்ன? சாவி உன் எலும்புக்குள்ள இருக்கு."

புதுப் பாட்டில் வந்தது. இந்த முறை ரேடியோவும் கை நீட்டினான். சாட்சி ரெண்டாக இருந்தால் நல்லது என்று தம்பிதான் கேட்டான். ஏன் கேட்டோம் என்று அவன் யோசிக்கவில்லை. முழங்கை மடிப்பில் கன்றிய இடம் இன்னும் ஆறவில்லை. சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

முடிவுகள் வந்தபோது ரேடியோ நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"ஐயாவோட கதவைப் பாரு, எப்படிப் பப்பரப்பான்னு திறந்து கெடக்கு! ரசாயனம் பிரமாதமா வேலை செய்யுதுப்பா." கீழே நகர்த்தினான். குரல் கொஞ்சம் இறங்கியது. "அண்ணனுக்குப் பூட்டுதான். மனசைத் தேத்திக்கோ. மஜ்ஜைதான் இருக்கே." இன்னும் கீழே நகர்த்தினான். "இது யாரு? இன்னொரு நோயாளி எப்ப வந்தாரு? அடேங்கப்பா, இவருக்கு அண்ணனைவிட மோசமா..."

குழாயில் எழுதியிருந்த பெயரைப் படித்தான். அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக ரேடியோ நின்றது.

ரேடியோ தம்பியின் முகத்தைப் பார்க்காமல், பொத்தான் போட்ட சட்டைக் கையையே பார்த்தான்.

"மறுபடி ஒருதரம் போட்டுப் பாக்கலாமா?" என்றான் கடைசியில்.

"எதுக்கு? உன் சாட்சி சரியாத்தானே பேசுது."

மேசையில் போன் அதிர்ந்தது. அண்ணன். அடித்து ஓயட்டும் என்று தம்பி விட்டுவிட்டான். ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்தான்.

"என்னடா, பூட்டா?"

"ஆமாண்ணா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பேருந்தின் என்ஜின் அணைந்தது. பிள்ளைகள் இறங்கிப் போய்விட்டிருக்க வேண்டும், சத்தமே இல்லை.

"சரி விடு. எனக்கு அப்பவே தெரியும்டா. எப்ப வரணும், உனக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும், கேட்டுச் சொல்லு. உன் எலும்பைத்தான் நோண்டப் போறாங்க, பயந்துக்காத." கொஞ்சம் சிரித்தார். தம்பி பொத்தானைக் கழற்றிக் கன்றிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்." அண்ணனின் சிரிப்பு நின்றது. "உன்னுது திறந்துச்சா?"