பெயர் தெரியாத பதில்

எங்கள் மெத்தைக் கம்பெனியில் யாருக்கும் பிடிக்காத வேலை எதுவானாலும் சுற்றிச் சுற்றி என் தலையில்தான் வந்து விடியும். இந்த முறை வந்தது சர்வே. ஊழியர்களின் மனக்குறையை ஆன்லைனில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதற்கு எந்த சாஃப்ட்வேர் நமக்குச் சரிப்படும் என்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். நான்தான் சும்மா இருக்கிறேன் என்று மேனேஜர் வாயால் சொல்லவில்லை. தனியாக உட்கார்ந்திருப்பவள் அவர் கண்ணுக்குச் சும்மா இருப்பவளாகத் தெரிகிறாள், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் நான் தனியாக உட்கார்ந்தவள் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஜன்னலோர மேஜையில் நாலு பேர் இருப்போம். நான், ஸ்டோர்ஸ் அக்கா, மெத்தை உறை டிசைன் செய்கிறவர், கணக்குப் பார்க்கும் 'தோராயம்' சார். எதைக் கேட்டாலும் "தோராயமா" என்று ஆரம்பிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கணக்கு மட்டும் பைசா சுத்தமாக இருக்கும்.

போன வருடம் அம்மா தவறினாள். வீட்டில் நானும் அவளும்தான். லீவு முடிந்து வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று பேரும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. மறுநாளிலிருந்து என் சீட்டிலேயே டப்பாவைத் திறந்தேன். யாரும் வந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் தங்கச்சி போனில் "சாப்டியாக்கா?" என்று கேட்பதும், நான் "ஆச்சு" என்பதும்தான் சாப்பாடு பற்றிய என் ஒரே பேச்சு.

சரி, சாஃப்ட்வேருக்கு வருகிறேன். மூன்றை எடுத்துக்கொண்டேன். முதலாவது பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் இலவசமாகக் கொஞ்சம் கேள்விதான் கேட்க விடும், அதன் மேல் தன் விளம்பரத்தையும் ஒட்டிக்கொள்ளும். தையல் பிரிவில் பலருடைய பழைய போனில் அது திறக்கவே இல்லை. இரண்டாவது பலே கெட்டிக்காரன். யார் பதில் சொன்னார்கள், எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் தயங்கினார்கள் என்பது வரை சொல்லிவிடும். மூன்றாவது அழுமூஞ்சி மாதிரி இருந்தது. ஆனால் தமிழ் எழுத்து உடையாமல் வந்தது, எந்த போனிலும் திறந்தது, பெயர் வேண்டாம் என்று ஒரு தடவை அமைத்துவிட்டால் அப்புறம் சர்வேயை உருவாக்கியவரே தலைகீழாக நின்றாலும் யார் எழுதியது என்று பார்க்க முடியாது.

அதைச் சோதிக்க ஒரு மாதிரி சர்வே போட்டேன். ஒரு பதிலைக் குத்தினால் அதற்கேற்ற அடுத்த கேள்வி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய்க்கு வந்த கேள்வியைத்தான் எழுதினேன்: 'மதியம் யாருடன் சாப்பிடுகிறீர்கள்?' நண்பர்களுடன், குழுவாக, வீட்டுக்குப் போய், தனியாக. தனியாக என்று குத்தினால் மட்டும் 'ஏன்?' என்று இன்னொரு பெட்டி திறக்கும்.

லிங்கை ஆபீஸ் குரூப்பில் போட்டு, சோதனைதான், கொஞ்சம் நிரப்பித் தாருங்கள் என்று கெஞ்சினேன். வரிசையாகக் கட்டைவிரல் பொம்மை வந்தது. பதில் ஒன்றுகூட வரவில்லை. வெறும் அறிக்கையை மேனேஜரிடம் காட்ட முடியுமா? நானே உட்கார்ந்து நிரப்பினேன். ஒரு தடவை தையல்காரி ஆனேன், ஒரு தடவை லாரி டிரைவர், ஒரு தடவை புதிதாகக் கல்யாணமாகி மதியத்துக்கு வீட்டுக்கு ஓடுகிற மெக்கானிக். என்னைச் சுற்றி நானே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டேன். அதில் எந்த ஆளாகவும் 'தனியாக' என்று குத்த மட்டும் எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெட்டி சோதிக்கப்படாமலே கிடந்தது.

மறுநாள் காலையில் திறந்தால் அதில் யாரோ எழுதியிருந்தார்கள்.

'முன்னாடி சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவங்க அம்மா போனப்புறம் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு போய் உக்கார்றதுன்னு தெரியல.'

மூன்று பேரில் ஒருவர். யார்? அறிக்கையைப் புரட்டு புரட்டென்று புரட்டினேன். பதில் வந்த நேரம்கூட அதில் இல்லை. சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக, வழியே இல்லை மேடம், அதுதான் எங்கள் சிறப்பு என்றாள். உங்கள் சிறப்பில் இடி விழ என்று மனசுக்குள் திட்டிவிட்டு வைத்தேன்.

புத்தி இரண்டாவது சாஃப்ட்வேர் பக்கம் ஓடியது. இதே கேள்வியை அதில் போட்டால் ஆள் சிக்கிவிடும். அதைத்தான் வாங்க வேண்டும் என்று சிபாரிசுகூட அடித்துவிட்டேன். அச்செடுக்கப் போகும்போதுதான் உறைத்தது. பெயர் தெரியும் என்றால் அந்த மூன்று வரியை அந்த ஆள் எழுதியிருப்பாரா? நானே ஊரார் வேஷமெல்லாம் போட்டேனே தவிர, என் வேஷம் போடவில்லையே. அடித்ததை அழித்தேன். மூன்றாவதன் பெயரை எழுதினேன். அழிக்கும்போது வலித்தது.

மேனேஜரிடம் வரைபடங்களை மட்டும் காட்டினேன், அந்த வரிகளைக் காட்டவில்லை. 'தனியாக' என்ற ஒற்றைக் கோட்டில் அவர் விரல் நின்றது.

"இது யாரு?"

"தெரியாது சார். தெரியும்னா யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க."

"யாருன்னு தெரியாம நான் என்ன செய்யறது?"

"எல்லாரையும் போய்க் கேக்க வேண்டியதுதான்."

வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் முறைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சீட்டுக்கு வந்தபிறகுதான் நான் சொன்ன அந்தப் பதில் என்னையே குடைய ஆரம்பித்தது.

மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போனேன். அக்கா அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேஜைக்கு வருகிறாயா என்று கேட்டேன். பாதி ஆகிவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். டிசைன்காரர் காதில் ஏதோ மாட்டியிருந்தார். இரண்டு தடவை கேட்டபிறகு, வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்றார். தோராயம் சார் சாப்பிட்டாகிவிட்டது என்றார். மூன்று பேருமே என் கண்ணைப் பார்க்கவில்லை. மூன்று பேரும் எழுதியிருக்கலாம் போலத்தான் இருந்தது. நான் போனபிறகு அந்த மேஜையே கலைந்துபோயிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தேன். மேஜையில் தூசி. டப்பாவைத் திறக்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோது தோராயம் சார் வந்து எதிர் நாற்காலியை இழுத்தார். கையில் திறக்காத டப்பா.

"சாப்ட்டாச்சுன்னீங்களே?"

"தோராயமாச் சொன்னேன்."

"சர்வேல எழுதினது நீங்கதானா சார்?"

"எந்த சர்வே?" என்றார். நிஜமாகவே விழித்தார். குரூப்பில் முதல் கட்டைவிரல் இவருடையதுதான், லிங்கைத் திறக்காமலே போட்டிருக்கிறார்.

சிரித்துவிட்டேன், கண்ணிலும் நீர் வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் டப்பாவைப் பார்த்துக் குனியவில்லை. ஆனால் எழுதிய ஆள் இவர் இல்லை. அந்த ஆள் இந்தக் கட்டடத்திலேயே, அட்டைப்பெட்டி மேலோ காதில் எதையோ மாட்டிக்கொண்டோ, இன்னும் தனியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிகள் இரண்டையும் துணியால் துடைத்து வைத்தேன். நாளைக்கும் போய்க் கேட்க வேண்டும், இரண்டு பேரையும்.