மாணிக்கம் வாங்கிய குழாய்

மாணிக்கத்துக்குப் பிடிவாதம் கூடப்பிறந்தது. பேருந்து ஓட்டிய காலத்திலும் அப்படித்தான், ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் அப்படித்தான். ஆனால் இந்தத் தடவை அவர் பிடித்த பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில், புக்கிட் மேராவில் அவருடையது பழைய மூவறை அடுக்குமாடி வீடு. குளிக்கவும் கழிக்கவும் இருப்பது ஒரே அறை, அடுப்படியை ஒட்டி. நேர் கீழே ஷமீமா வீடு. ஒரு நாள் ஷமீமா மேலே வந்து, என்னவோ தப்பு தன் பேரில் என்பதுபோல வாசலிலேயே தயங்கி நின்றாள்.

“அண்ணே, எங்க அடுப்படி மேல லேசா சொட்டுது. அவசரமில்ல. அக்காவுக்கு உடம்பு தேறட்டும், மெதுவா பாப்போம்.”

அக்கா என்றது மாணிக்கத்தின் மனைவி தங்கத்தை. தங்கத்துக்குப் புற்றுநோய், கீமோ நடந்துகொண்டிருந்தது. மருந்து ஏறிய வாரத்தில் கட்டிலுக்கும் கழிவறைக்கும் நடப்பதற்கே அவளுக்குப் பொழுது சரியாக இருக்கும். தூசி ஆகாது, சளிக்காரர்கள் பக்கத்தில் வரக் கூடாது என்று மருத்துவமனையில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

குழாய் வேலை பார்க்கும் இளமாறன் வந்தான். வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடச் சொல்லிவிட்டு, வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரையே உறுமீனுக்குக் காத்திருக்கும் கொக்கு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். முள் அசையவில்லை.

“பைப் ஒழுகினா இது சுத்தும்ணே. சுத்தல. எனக்கென்னமோ பாத்ரூம் தரைன்னுதான் படுது. டைல்ஸ உடைச்சு, அடியில தண்ணி எறங்காம வாட்டர்புரூஃபிங் புதுசா போட்டாத்தான் நிக்கும்.”

“எத்தன நாளு?”

“ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பாத்ரூமத் தொட முடியாது. தூசி வேற வீடு பூரா பறக்கும்.”

அத்தனை நாள் தங்கத்தை எங்கே வைப்பது? செங்காங்கில் மகள் ரக்ஷனா இருக்கிறாள், ஆனால் அங்கே இரண்டு வாண்டுகள், பாலர் பள்ளியிலிருந்து மாற்றி மாற்றிச் சளியைக் கொண்டுவருகிறவை. டாக்டர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றுவிட்டார். ஹோட்டல் என்று மாணிக்கம் வாயெடுத்ததற்கு, இந்த உடம்போடு ஊர்பேர் தெரியாத கக்கூஸில் போய் விழமாட்டேன் என்று தங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாணிக்கம் இளமாறனிடம் திரும்பினார். “மீட்டரு என்ன மகானா? சின்னக் கசிவு அதுக்குத் தெரியாது. செவுத்துக்குள்ள ஓடுறது ஆதிகாலத்துச் செப்புப் பைப்பு. அதுதான் போயிருக்கு. உடைக்காம அத மாத்துறதுக்கு வழி சொல்லு.”

“வளையிற பிளாஸ்டிக் பைப் இருக்கு. பழச அடைச்சிட்டு, இத செவுத்து மேலயே ஓட்டிறலாம். ஒரே நாள் வேல. ஆனா...”

உள்ளே தங்கம் குமட்டும் சத்தம் கேட்டது. இளமாறன் அந்த ‘ஆனா’வை விழுங்கிவிட்டான். அவனும் பெற்றவள் உள்ளவன்தானே.

மறுநாள் மாணிக்கம் தேக்காவுக்குக் கிளம்பினார். சையது ஆல்வி சாலையில் இம்ரானின் ஹார்ட்வேர் கடை. செம்பு, ஸ்டீல், கெட்டிப் பிளாஸ்டிக் எல்லாம் ஓரமாகச் சாய்ந்து நிற்க, வளையும் குழாய் மட்டும் சுருள் சுருளாய் ஆணியில் தொங்கியது. மாணிக்கம் அதில் ஒவ்வொரு சுருளாக எடுத்து மூக்கருகே வைத்தார்.

“என்னண்ணே, மீன் வாங்குற மாதிரி மோந்து பாக்குறீங்க?” என்று இம்ரான் சிரித்தான்.

“வீட்டுக்காரிக்கு வாடை ஆகாது தம்பி. கீமோ எடுக்குறா. தண்ணி நாறுதுன்னா குடிக்கவே மாட்டா.”

இம்ரானின் சிரிப்பு அடங்கியது. உள்ளே போய் வேறொரு சுருளைத் தூக்கி வந்தான். “இது குடிதண்ணிக்குன்னே அனுமதி வாங்குன பைப். முதல்ல கொஞ்ச நேரம் தண்ணிய ஓட விடுங்க, வாடை போயிரும். வெயில் படுற இடத்துல மட்டும் வேணாம். மூலைக்கு மூலை வெட்டி ஒட்டாம ஒரே நீளமா வளைச்சுக்கிட்டே போகலாம். மூட்டு கம்மின்னா ஒழுக்கும் கம்மி.”

“அப்ப ஒழுகாது?”

“இந்தப் பைப் ஒழுகாதுண்ணே.”

இம்ரான் சொன்னது குழாயைப் பற்றி. மாணிக்கம் கேட்டுக்கொண்டதோ வீட்டைப் பற்றி. பாவி மனுஷன், சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை போட்ட மாப்பிள்ளை மாதிரி பேருந்து ஏறினார்.

வேலை ஒரே நாளில் முடிந்தது. தூசியில்லை, இடியில்லை. வெள்ளைக் குழாய் சுவரின் உச்சியில் ஓடி, மூலையில் நோகாமல் வளைந்து இறங்கியது. தங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு அதை அண்ணாந்து பார்த்தாள்.

“எனக்குத்தான் டியூப் போட்டு விட்டிருக்காங்கன்னு பாத்தேன். வீட்டுக்கும் போட்டாச்சா?”

ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் கேலி பேசியிருந்தாள். மாணிக்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மீட்டருக்கு ஒன்றும் தெரியாது, தனக்குத்தான் தெரியும் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

அன்றே ஷமீமாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். “இப்ப எப்படிம்மா?”

“நின்னுருச்சுண்ணே. அல்ஹம்துலில்லாஹ்.”

இது போதாதா அவருக்கு? கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து, ஒழுகும் வீட்டுக்காரர்களுக்கெல்லாம் குழாய் உபதேசம் செய்ய ஆரம்பித்துவிட்டார். உடைக்கணும்னு சொல்றவன நம்பாதே லா, எல்லாம் காசு பிடுங்குற வேலை என்பார்.

தங்கத்துக்கு அடுத்த மருந்து ஏறிய வாரம், ஷமீமா கஞ்சி காய்ச்சி அனுப்பியிருந்தாள். தங்கம் இரண்டு வாய் குடித்தாள். பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மாணிக்கம் கீழே இறங்கினார். ஷமீமாவின் வாசல் கதவு திறந்திருந்தது, வெளிக்கம்பிக் கதவு மட்டும் வெறுமனே சாத்தியிருந்தது. அவள் கூடத்தில் நண்பகல் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். முடியட்டும் என்று வெளியிலேயே நின்றார்.

அங்கிருந்து பார்த்தால் அடுப்படி தெரியும். அடுப்பு பழைய இடத்தில் இல்லை. இழுத்து ஜன்னலோரம் வைத்திருந்தாள். அது இருந்த இடத்தில் ஒரு பெரிய பேசின், அதற்குள் மடித்துப் போட்ட தடித்த துண்டு. கூரையிலிருந்து ஒரு சொட்டு இறங்கித் துண்டின் மேல் விழுந்தது. சத்தமே இல்லை. இன்னொன்றும் விழுந்தது.

துண்டு எதற்கென்று மாணிக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் இந்த வாசலில் வந்து நிற்கும்போது காதில் விழக் கூடாதென்றுதான்.

தொழுகை முடிந்து சலாம் கொடுத்துத் திரும்பிய ஷமீமா அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து கம்பிக் கதவைத் திறந்துவிட்டாள்.

“நிக்கவே இல்லையாம்மா?”

“இல்லண்ணே.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க உடைப்பீங்க. அக்கா எங்க போவாங்க?”

உடைக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பெரிய மனுஷன் அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வரவில்லை. அக்கா குணமாகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று கேட்கவும் வெட்கமாக இருந்தது. அந்த வரைக்கும் என்பது எதுவரைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவருக்கு அழுகை வந்தது, அதையும் அங்கே அழ முடியவில்லை. பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார்.

மேலே தங்கம் குளியலறைக்குள் வரும் சத்தம் கேட்டது. கஞ்சி தங்கவில்லை போலிருக்கிறது. குழாய் திறந்தது. வாய் கொப்பளித்தாள், தண்ணீரை மொண்டு மொண்டு தரையில் ஊற்றிக் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் சொட்டு வேகமெடுத்தது. ஷமீமா அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாணிக்கம் குனிந்து துண்டை எடுத்தார். கனத்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் நன்றாகப் பிழிந்து, மறுபடியும் மடித்து, பேசினுக்குள் பழையபடி விரித்து வைத்தார்.