பட்டியலில் கடைசிச் சாமான்

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தைக் காண்டிராக்டில் விட்டபோது எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரே நாளில் வேலை போயிற்று. பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மேஜையில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டவர்கள் நாங்கள். புருஷன் விட்டுவிட்டுப் போன நாளிலிருந்து அவள் இருந்ததும் எங்கள் வீட்டில்தான். வேலையிலும் அவள் முகம், வீட்டிலும் அவள் முகம். சலித்துப் போயிருக்குமே என்பீர்கள். எனக்குச் சலிக்கவில்லை. அதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

புல் வெட்டும் தொழில் அவளுடைய யோசனை. "வீட்டுக்கு வீடு புல்தரை இருக்கு அண்ணி. வெட்டத்தான் ஆள் கிடைக்கல" என்றாள். காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் பட்டியல் எழுதினோம். தள்ளிக்கொண்டு போகிற மெஷின் ஒன்று, நைலான் நரம்பு சுழன்று ஓரம் வெட்டுகிற மெஷின் ஒன்று, பெட்ரோல் கேன், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கெட்டியான பூட்ஸ் இரண்டு ஜோடி. பெரிய மெஷின் எங்கள் பழைய காருக்குள் நுழையாது என்பது கடை வாசலில்தான் தெரிந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு வேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!

பணம் பெரும்பாலும் அவளுடையது. தனியாக ஒரு அறை எடுக்க அட்வான்ஸுக்கென்று ஐந்து வருஷமாகச் சேர்த்தது.

"சாமான் செலவெல்லாம் போக, நான் போட்ட காசு திரும்பினதும் கிளம்பிடுவேன் அண்ணி. எத்தனை நாளைக்கு அண்ணன் வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கறது?"

"கிளம்பு தாயே. உன்னை யாரு கட்டி வச்சிருக்கா?" என்றேன். என் வாய் அப்படி.

முதல் வாடிக்கை ஒரு பல் டாக்டர். கொடுக்கிற காசுக்கு நிறைய வெட்டினால்தான் நியாயம் என்று பிளேடை ஒரேயடியாகக் கீழே இறக்கிவிட்டோம். ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். நாலாம் நாள் தரை முழுக்கப் பழுப்பு. டாக்டர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"புல்லை வெட்டச் சொன்னேனா, மொட்டை அடிக்கச் சொன்னேனா?"

காசு வாங்காமல் மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிப் புல்லை மீட்டோம். அதற்குள் மெஷின் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம்: உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாதாம்.

மறுபடி வெட்டியபோது அவள் ஒரு காரியம் செய்தாள். முதலில் நாலு ஓரம், பிறகு நடுவில் நேர்கோடு, ஒவ்வொரு கோடும் முந்தியதன் மேல் கையளவு ஏறும்படி. விரிப்பை இஸ்திரி போடுகிற அதே முறை. முடித்ததும் தரை மடிப்புக் கலையாத துணிபோல் கிடந்தது. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தார். மாதம் முடிவதற்குள் அந்தத் தெருவே எங்களுக்கு வந்துவிட்டது.

அந்தக் கோடையை நினைத்தால் இப்போதும் வெட்டிய புல்லின் வாசம் வருகிறது. வெயிலில் கறுத்து, தலையெல்லாம் புல்லாக வீட்டுக்கு வருவோம். "ரெண்டு ஆடு வந்திருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

வருகிற காசைப் போட்டு வைக்கிற டப்பா என்னிடம்தான் இருந்தது. ஆகஸ்டில் அவள் பணம் சேர்ந்துவிட்டது. எண்ணிப் பார்த்ததும் டப்பாவை மூடிவிட்டேன்.

"சருகு ஊதுற மெஷின் இல்லாம முடியாதுடி" என்றேன்.

வாங்கினோம். அடுத்து மாற்று பிளேடு. அடுத்து வண்டிக்குப் பின்னால் மாட்டுகிற ட்ரெய்லர். பிறகு, மழை வந்தால் மெஷின் நனையுமே என்று ஒரு தார்ப்பாய். எல்லாம் அவசியமான சாமான்கள்தான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அக்டோபரில், "இன்னொரு பெட்ரோல் கேன் வேணும்" என்றபோது அவள் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கற கேனே பாதிதான் காலியாகுது, அண்ணி."

நான் கையுறையைக் கழற்றி உதறினேன்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"எனக்கென்ன? இடம் மிச்சம்" என்றேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையிலிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். "எனக்கும்தான் கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு தடவையாவது என் கதவை நான் பூட்டித் திறக்கணும் அண்ணி" என்றாள். டப்பாவை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனாள். ரெண்டு பெட்டி, ஒரு போர்வை. இரண்டு தெரு தள்ளித்தான். நான் அழவில்லை. பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தேன். பூட்ஸும் தொப்பியுமாக அவள். இத்தனை வருஷம் இந்தக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தவள், வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமா, அண்ணி?" என்றாள்.