கதிர் சூடிய நாய்

“அப்பா கையில இருக்குற காசை எனக்குக் குடும்மா.”

அந்தக் காசைப் பற்றிக் கேட்கவே கூடாது என்று சின்ன வயதிலேயே அடக்கி வைத்திருந்தார்கள். ஸ்மாரோ கேட்டே விட்டாள்.

திறந்த சவப்பெட்டியில் அப்பா யாகூமிஸ். அவர் விரல்களுக்குள் அந்த வெண்கலக் காசைத் திணித்து மூடிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“மெதுவாப் பேசுடி. வாசல்ல ஊரே நிக்குது. போலீஸ் காதுல விழுந்தா?”

“செத்தவரையா பிடிச்சுட்டுப் போவாங்க?”

தீவின் பழங்காலக் காசு; திராட்சைத் தோட்டத்தில் கொத்தும்போது அப்பாவுக்குக் கிடைத்தது, சட்டப்படி அரசிடம் ஒப்படைக்காமல் ஒளித்து வைத்தார். ஆகஸ்ட் விடியலில் பார்லிக் களத்தில் படுத்தபடி அப்பா அதை அவளுக்குக் காட்டுவார்: பாதி உடல் நாய், சுற்றிலும் ஒளிக்கதிர்கள். “நம்ம தீவு நாய். அதோ மேல வருது பாரு,” என்று கடலுக்கு மேல் எழும் நாய் நட்சத்திரத்தை நோக்கிக் கை நீட்டுவார். அரைத் தூக்கத்தில் அந்த நாய் காசிலிருந்து குதித்து, களத்தைச் சுற்றிச் சத்தமில்லாமல் ஓடும். அதன் பின்னாலேயே ஓடித்தான் ஸ்மாரோ ஏதென்ஸ் வரை போய் அகழாய்வு படித்தாள். வீட்டில் முதல் பட்டம்.

“படிச்ச மகாராணிக்குப் பொணத்துக் கையில இருக்குறதுதான் வேணுமோ?” என்றார் சித்தப்பா ஸ்தமாதிஸ். “அண்ணனோடயே போகட்டும். மூணு வருஷத்துல நம்ம வழக்கப்படி எலும்பைத் தோண்டி வைன்ல கழுவுவோம்ல, அப்ப நான் பத்திரமா எடுத்து வெப்பேன்.”

“யாருக்கு விக்க?”

சித்தப்பா காப்பிக் கோப்பையைப் பார்த்தார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள், வெகுநேரம். பிறகு குனிந்து, தானே மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவை எளிதில் விடவில்லை. காசை எடுத்து ஸ்மாரோவின் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அப்பா எலுமிச்சை போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு. நாயின் முகம் எப்போதோ போய்விட்டது. கதிர்கள் மட்டும் மிச்சம்.

“எங்கடி கொண்டுபோவ?”

“மியூசியத்துக்கு. எங்க கெடச்சதுன்னு சொல்லிக் குடுத்துருவேன்.”

“இத்தனை வருஷம் ஒளிச்சு வெச்சதுக்குக் கேஸ் போடுவாங்க. தொல்லியல்ல உனக்கு வேலையே கெடைக்காது.”

“தெரியும்.”

அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டாள். எலுமிச்சை வாசனை அடித்ததுபோல் இருந்தது.

வாசலில் சாத்தியிருந்த சவப்பெட்டி மூடியின் நிழலில் அப்பாவின் நாய் படுத்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து உடம்பை உதறியது. தூசி வெயிலில் கதிர்கதிராகப் பறந்தது. கூட்டம் வழிவிட, ஸ்மாரோ மியூசியத்துக்குப் போகும் மேட்டுப்பாதையில் ஏறினாள்.