செருப்புகள் மட்டும் இருந்தன

மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் ஜம்பகம் காலையிலேயே ரயிலேறி அரக்கோணம் போய்விடுவாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் கிடையாது. பிளாட்பாரத்தில் குழாயடிக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் திருத்தணியில் அவளுடைய கிறிஸ்தவ சபையில் ராப்போஜனம், அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் ஆராதனை. அப்பத் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். அந்தத் தட்டை குருநாதன் தொட்ட பிறகு அவள் தொடவேண்டும், இல்லாவிட்டால் அவள் தொட்ட பிறகு அவன். இரண்டும் அவளால் ஆகாது.

குருநாதன் ஓட்டிய லோடு வண்டிதான் அவள் மகன் நவீன்குமாரைச் சித்தூர் ரோட்டில் அடித்துப் போட்டது. ராத்திரியெல்லாம் கண்விழித்து ஓட்டியவன் விடிகிற நேரத்தில் கொஞ்சம் கண்ணசந்துவிட்டான். நவீன் அந்த இடத்திலேயே போய்விட்டான். குருநாதனுக்கு இடது கால் நொறுங்கி, எலும்பு கூடியபோது குட்டையாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தவர் பாஸ்டர் சிவப்பிரகாசம். அவளுடைய பாஸ்டர். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை குருநாதன் நொண்டிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பிறகு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டான்.

"ஆண்டவரு இன்னும் ஏன் வரலன்னு கேக்காதீங்க" என்பார் பாஸ்டர் பிரசங்கத்தில். "மறந்துட்டாரா அவரு? பொறுத்துகினு இருக்காரு. ஒரு ஆத்துமா வெளியில நின்னாலும் அதுக்காகப் பொறுத்துகினு இருக்காரு."

கேட்கும்போதெல்லாம் ஜம்பகம் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்ப்பாள். ஆண்டவர் வரும் நாளில் எக்காளம் ஊதும், செத்தவர்கள் எழுந்திருப்பார்கள், விசுவாசிகளை உடம்போடு வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்பது சபையின் நம்பிக்கை. அன்றைக்கு நவீன் மண்ணைவிட்டு எழுந்து வருவான். அவன் முகத்தைப் பார்க்கலாம். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதையும் யாருக்காகத் தள்ளிப் போடுகிறார்? கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்காகவா?

அந்த ஞாயிறு வெயில் பிளாட்பாரத்தில் உட்காரவிடவில்லை. வழக்கமாகச் சாயங்காலம் திரும்புகிறவள் நடுப்பகல் வண்டியிலேயே வந்துவிட்டாள். சபை மண்டபம் இருக்கும் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டும். சந்து முனையில் கலீம் டீக்கடை.

"இன்னா ஜம்பகம்மா, இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்க? உங்க ஆளுங்க பாட்டு பாதியிலயே நின்னுபோச்சு" என்றான் கலீம்.

"முடிஞ்சிடுச்சா?"

"எங்க முடிஞ்சிது? திடுதிப்புன்னு ஒரே கூச்சல். அப்புறம் சத்தமே இல்ல. ஒருத்தரும் இந்தப் பக்கம் வெளிய வரல." டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டே சிரித்தான். "வாராவாரம் மைக்குல வர்றாரு வர்றாருன்னு சொல்லிகினே இருக்காரு உங்க பாஸ்டரு. இன்னிக்கு நிஜமாவே வந்து கூட்டிகினு போய்ட்டாரோ இன்னாவோ!"

பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜம்பகம் சிரிக்கவில்லை.

மண்டபத்து வாசலில் செருப்புகள் கிடந்தன. பெண்களுடையது ஒரு பக்கம், ஆண்களுடையது ஒரு பக்கம், நடுவே குழந்தைகளுடையது. உள்ளே யாருமில்லை.

மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. விரித்த பாயெல்லாம் அப்படியே இருந்தது. பாட்டுப் புத்தகங்கள் திறந்தபடி கிடந்து, காற்றில் தாளைத் தானே புரட்டிக்கொண்டிருந்தன. ஒரு பால் புட்டி சாய்ந்து, பால் பாயில் ஊறியிருந்தது. மைக் யாரும் பேசாமலே இரைந்தது. பாஸ்டருக்குப் போன் போட்டாள். மேடையில், துணி விரித்த மேசைமேல் அது அடித்தது. அடித்து ஓய்ந்தது. அப்பத் தட்டில் பிட்ட துண்டுகள் பாதி அப்படியே இருந்தன. திராட்சரசக் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது.

தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. யாரோ மலையைப் பார்த்து அரோகரா போட்டார்கள். கலீம் கடையில் சில்லறை குலுங்கியது. உலகம் முழுக்க இருந்தது. இவர்கள் மட்டும் இல்லை.

கலீம் விளையாட்டுக்குச் சொன்னது நிஜமாகவே நடந்துவிட்டது என்று ஜம்பகத்துக்குப் பட்டது. திரும்பவும் வாசலுக்குப் போனாள். ஆண்கள் பக்கம் குனிந்து தேடினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சுவரோரமாக, மற்றவற்றைவிட்டுத் தள்ளி, அது இருந்தது. கால் உயரத்துக்காக இடது செருப்பின் அடியில் டயர்த் துண்டு வைத்து ஆணி அடித்த ஜோடி.

அவனும் போயிருக்கிறான்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்களே என்றுகூடத் தோன்றவில்லை. ஒன்றுதான் தோன்றியது. இந்நேரம் நவீன் எழுந்திருப்பான். சுற்றும் முற்றும் அம்மாவைத் தேடியிருப்பான். அவன் கண்ணில் படும் முகங்களில் குருநாதன் முகமும் இருக்கும். பெற்றவள் பார்ப்பதற்கு முன்னால் அடித்தவன் அவனைப் பார்ப்பான்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. விசிறிகள் சுற்றின. மைக் இரைந்தது. அவளுக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை. வந்தது இதுவரை அவள் ஒருமுறைகூடக் கூப்பிடாத பெயர்.

"குருநாதா" என்றாள் கூரையைப் பார்த்து. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "என் புள்ள உன்னைக் கேப்பான். அம்மா வரலன்னு சொல்லிடாத. பின்னாலயே வந்துகினு இருக்கான்னு சொல்லு. உனக்குப் புண்ணியமாப் போவும், அப்படிச் சொல்லு."

மூலையில் சுருட்டிப் போட்டிருந்த ஜமக்காளம் அசைந்தது.

"நான் போகலம்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

  ஜமக்காளத்தை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவனின் முகம் வீங்கி, கண் இரண்டும் கோடாகியிருந்தது.

"பின்னாடி புளியமரத்துல கொரங்கு தேன்கூட்டைக் கலைச்சுடுச்சு. தேனீ மொத்தமும் சன்னல் வழியா உள்ள வந்துடுச்சு. எல்லாரும் பின்கதவைச் சாத்திகினு பின்னால இருக்கற ரைஸ்மில்லுக்கு ஓடிட்டாங்க. என்னால ஓட முடியல, இதைப் போத்திகினு படுத்துட்டேன்." மூச்சு வாங்கினான். "இடுக்குல பாத்து நீங்கன்னு தெரிஞ்சதும் எழுந்திருக்கத் தைரியம் வரல."

 கேட்டுவிட்டான். அவள் இத்தனை நாள் யாரிடமும் காட்டாத ஒன்றை, காட்டவே கூடாதவன் கேட்டுவிட்டான். ஆண்டவர் இன்னும் வரவில்லை என்ற நிம்மதி நெஞ்சில் பரவ ஆரம்பித்தது. அதற்கு அடியிலேயே ஒரு குளிர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அவள் மட்டில், கடைசி நாள் வந்துபோனது. அன்றைக்கு அவள் எடுத்துக்கொள்ளப்படாமல் இங்கேயே இருந்தாள்.

அவன் கன்னத்தில், கழுத்தில், உதட்டில் கொடுக்குகள் கறுப்பாக நின்றன. ஜம்பகம் எழுந்து போய் அவன் எதிரில் உட்கார்ந்தாள். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் உடம்பு விறைத்தது.

"அசையாத" என்றாள். நகத்தால் கன்னத்திலிருந்து ஒன்றைச் சுரண்டி எடுத்தாள்.

"நிஜமா அப்படி நடந்து, என்னை எடுத்துகினாலும், நான் உங்க புள்ள எதிர்ல போக மாட்டேன்மா" என்றான் அவன். "வெளிய நின்னுகினு இருப்பேன். நீங்க வந்து முதல்ல பாருங்க. அப்புறமா நீங்க கூப்பிட்டா வர்றேன்."

அவள் இன்னொன்றை எடுத்தாள்.

"நான் கூப்பிடலன்னா?"

"நின்னுகினே இருப்பேன்."

"நான் வரவே இல்லன்னா?"

அவன் யோசிப்பதுபோல் இருந்தது. வீங்கிய கண்ணில் எதுவும் தெரியவில்லை.

"அப்பவும்தான்" என்றான்.

அவள் விரல் அவன் கழுத்தருகே நின்றது. அந்த வாசலை அவள் பார்த்தாள். உள்ளே நவீன், வெளியே ஒற்றைக்கால் தாங்கி நிற்கும் இவன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே வழியை, அவள் இன்னும் நடந்து வராத வழியை.

பின்பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. யாரோ யாரையோ "ஓட்டத்துல முதல் ஆளு நீதான், பாஸ்டரையே தள்ளிகினு போன" என்று கேலி செய்தார்கள். சிரிப்பு நெருங்கி வந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை.

"வாயைத் தொறக்காத" என்றாள் ஜம்பகம். "உதட்டுல ஒண்ணு ஆழமா இருக்குது."