எந்தத் தெரு?

கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பேச்சுத் தமிழ் பழக ஒரு குழு தொடங்குவதென்று முடிவானதும், அதை நடத்தும் பொறுப்பு ஜெயப்ரியா, கிருஷ்ணவேணி என்ற இரண்டு விரிவுரையாளர்கள் தலையில் விழுந்தது. ஒரே துறை, ஒரே பஸ், ஒன்றாகவே சாப்பாடு. முதல் வகுப்பில் எதைப் பற்றிப் பேசலாம் என்று மாணவர்களையே கேட்டார்கள். வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக் கொடுங்கள் என்றாள் உகாண்டாவிலிருந்து வந்த கிரேஸ். விடுதியில் இடம் போதவில்லை. வெளியே வீடு தேடிப் போனவர்கள் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் காலி வகுப்பறையில் ஒத்திகை. கிருஷ்ணவேணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்காரம்மாவானாள். ஜெயப்ரியா கிரேஸ் மாதிரி வீடு கேட்டு வந்த மாணவி.

"எத்தினி பேரும்மா? கறி, மீனெல்லாம் சமைப்பீங்களா?"

அச்சு அசல் கிருஷ்ணவேணியின் சித்தி கங்கையம்மாளின் குரல். ஜெயப்ரியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் குடியிருப்பதே பிள்ளையார்பாளையத்தில் அந்தக் கங்கையம்மாள் வீட்டு மாடியில்தான். பார்த்துக் கொடுத்தவள் கிருஷ்ணவேணி.

"சொந்த ஊரு எது?"

உகாண்டா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பழக்கத்தில் "தாமல்" என்று வந்துவிட்டது.

"தாமலா! அங்க எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

ஜெயப்ரியாவின் சிரிப்பு நின்றது. குடிவந்த அன்று கங்கையம்மாளும் இதே இழுவையோடுதான் கேட்டாள். "ஏரிக்குக் கிட்ட" என்று சொல்லி இவள் தப்பித்தாள். பொய்யில்லை, தாமலில் எதுதான் ஏரிக்குக் கிட்ட இல்லை? ஆனால் அன்றிலிருந்து, கீழே தறிச் சத்தம் சட்டென்று நின்றால்கூட, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டிக்கொள்வாள்.

"இந்தக் கேள்வி வேணாம், வேணி. எடுத்துடலாம்."

"ஏன்? எல்லாரும் கேக்கறதுதானே. பசங்க தெரிஞ்சிக்கணும்ல?"

"அவங்ககிட்ட யாரும் தெரு கேக்க மாட்டாங்க."

"பின்ன யார்கிட்ட கேப்பாங்களாம்?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். இதையும் ஏதாவது சொல்லி மழுப்பிவிடலாம். மழுப்பி மழுப்பி அலுத்திருந்தது.

"எங்கிட்ட கேப்பாங்க. உங்க சித்தி கேட்டாங்க. நாங்க காலனி, வேணி."

கிருஷ்ணவேணி செருகிய முந்தானையை மெல்ல உருவிவிட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வீடு பாத்துக் குடுத்திருப்பியா?"

கிருஷ்ணவேணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு பஸ்ஸில் ஜெயப்ரியாவுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைக்கூடப் போடவில்லை, அதற்குள் கீழிருந்து குரல் வந்தது.

"ஜெயா! செத்த கீழ வாம்மா."

இறங்கிப் போனாள். கங்கையம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வேணி போன் பண்ணா. குடிவர்றவங்ககிட்ட ஏன் தெரு கேக்கறீங்கன்னு நோண்டி நோண்டிக் கேட்டுக்கினு இருக்கறா. என்னாச்சு அவளுக்கு? உங்களுக்குள்ள சண்டையா?"

"இல்ல ஆன்ட்டி. நாளைக்கு வகுப்புக்கு."

"இதெல்லாமா வகுப்புல சொல்லித் தராங்க?" என்றாள் கங்கையம்மாள், தவிட்டை ஊதியபடி.

மறுநாள் கிருஷ்ணவேணி முன்னாடியே வந்து நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நேத்து நீ கேட்டதுக்குப் பதில் சொல்லணும்," என்றாள். "பாத்துக் குடுத்திருக்க மாட்டேன். எதுனா சாக்கு சொல்லியிருப்பேன்."

ஜெயப்ரியாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் இந்த ஊரில் அவளிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அதற்குள் மாணவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வகுப்பில் அந்தத் தெருக் கேள்வியை நீக்காமல் அப்படியே நடித்துக் காட்டினார்கள். கிரேஸ்தான் விடாமல், "ஏன் தெரு?" என்றாள். ஜெயப்ரியா சொன்னாள். எளிய தமிழில், கரும்பலகையில் ஊரையும் காலனியையும் தனித்தனியாக வரைந்து, தன் வீடு எந்தப் பக்கம் என்று புள்ளி வைத்துக் காட்டினாள்.

அன்று சாயங்காலமே கங்கையம்மாளிடமும் தானே சொன்னாள். கங்கையம்மாள் கோபப்படவில்லை. பையனுக்குக் கல்யாணம் கூடி வருகிறது, மாடிப் போர்ஷன் வேண்டியிருக்கும் என்றாள். அந்தப் பையன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணவேணி ஸ்கூட்டியோடு வந்து வாசலில் நின்றாள். சித்தி கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

"ஏறு. ஓரிக்கை பக்கம் ரெண்டு டூலெட் போர்டு பாத்தேன்."

"கேப்பாங்க, வேணி."

"கேக்கட்டும். நீ என்ன சொல்றியோ சொல்லு. நான் கூட நிக்கிறேன்."

ஜெயப்ரியா சற்றுத் தயங்கினாள். பிறகு துப்பட்டாவைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.