மூன்று நாள் லீவுக்கு ஒரு ஜன்னல் சீட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் உள்ளத்தில் ஊறி வந்ததல்ல. ஒரு பயணப் பத்திரிகை ஆசிரியர் போன் போட்டுக் கேட்டது.

"ஜனவரி மூணு நாள் லீவுக்கு அர்த்தமுள்ள பயணம்னு ஒண்ணு எழுதிக் குடுங்க. அமெரிக்கக் கறுப்பர் உரிமைப் போராட்டமெல்லாம் உங்க ஊர்லதானே நடந்துச்சு? எழுநூறு வார்த்தை போதும். படிக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கண் கலங்கணும். ஆனா நம்பிக்கையா முடியணும்."

கண் எவ்வளவு கலங்க வேண்டும் என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "ஆலபாமாவின் ஆற்றங்கரையில் மாலை வெயில் பொன்னாய் உருக—" வேண்டாம். எங்கள் ஆறு எந்தக் காலத்திலும் சேற்று நிறம்தான்.

இரண்டாவது: "ஓட்டுரிமை கேட்டு அன்று வரிசையில் நின்றவர்களின் காலடித் தடம் இன்றும் இந்தப் படிகளில்—" பொய். அந்தப் படிகளைப் போன வருஷம் பெயர்த்துப் புதுக் கல் போட்டாகிவிட்டது. சுற்றுலா வருகிறவர்கள் வழுக்கி விழக் கூடாதாம்.

மூன்றாவது: வெர்னெல் ஹாட்ச்சர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இது இருக்கட்டும்.

3

வெர்னெல் என் பக்கத்து வீடு, கறுப்பினப் பெண்மணி. ஊரில் எல்லோருக்கும் மிஸ் வெர்னெல். சுற்றுலாக் கூட்டம் வரும் நாள்களில் பழைய நீதிமன்றக் கூடத்தில் வெள்ளைக்காரக் குமாஸ்தாவாக நடிப்பார். கறுப்பர்கள் ஓட்டுக்குப் பெயர் பதிய வந்தால் இல்லாத கேள்வியெல்லாம் கேட்டுத் துரத்திய குமாஸ்தா. வட மாநிலங்களிலிருந்து சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் வரிசையில் நின்று அவரிடம் "துன்பப்பட" வேண்டும். பயணத்திட்டத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது: மதியம் இரண்டு மணி, அனுபவம்.

"ஒரு சோப்புக்கட்டியில எத்தனை நுரை வரும்? சொல்லு."

"தெரியலீங்க, மேடம்."

"தெரியாதவளுக்கு எதுக்கு ஓட்டு? இன்னைக்கு முடியாது. நாளைக்கு வா."

உடனே தாளில் 'தகுதியில்லை' என்று ஒரு முத்திரை. அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறார்களாம். தோற்றதற்குச் சான்றிதழ் வாங்கி மாட்டிக்கொள்ள, ஒரு நாளும் தோற்காதவர்களால்தான் முடியும்.

[இந்த இடத்தில் வெர்னெலைச் சாந்தமான பெண்மணியாக எழுதினால் ஆசிரியருக்குப் பிடிக்கும். எழுதிப் பார்த்தேன், உருப்படவில்லை. சர்ச் சமையலறையில் இவர் கோழி வறுக்கும்போது யாராவது சட்டி மூடியைத் திறந்தால் கரண்டி பறக்கும்.]

4

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

லீவு முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர்ப் பகுதிக்கு இடைத்தேர்தல். மழை பெய்தால் எங்கள் தெருவில் கக்கூஸ் தண்ணீர் கொல்லைக்குத் திரும்பி வரும். குழாய் போடுகிறேன் என்று ஒருத்தி நிற்கிறாள். எதற்குக் குழாய் என்கிறவனும் நிற்கிறான். ஓட்டுப் போடப் படம் ஒட்டிய அட்டை வேண்டும். வெர்னெலின் அட்டை காலாவதி. புதிது கொடுக்கும் ஆபீஸை எங்கள் ஊரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து ஊரில் இருக்கிறது, நாற்பது நிமிஷ வழி. வெள்ளிக்கிழமை மட்டும்தான் திறக்கும், நாலு மணி வரை. சனி, ஞாயிறு கிடையாது. திங்கள், உரிமைக்காக உயிரைக் கொடுத்த பெரிய மனிதரின் நினைவாக, லீவு.

கதை நடப்பது அந்த வெள்ளிக்கிழமை, மணி மூன்று. வெர்னெலைக் கூட்டிப்போவதாகச் சொன்ன மருமகனை வேலையிடத்தில் விடவில்லை.

(நீயே கூட்டிப் போயிருக்கலாமே என்கிறீர்களா? என் வண்டி கியர்பாக்ஸ் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. பத்திரிகை கொடுத்த ஓசி டிக்கெட்டில் நானும் அந்த பஸ்ஸில்தான் வந்தேன்.)

5

பயணத் தலைவி மெரிடித். இவளைக் கெட்டவளாக எழுத முடிந்தால் வசதியாக இருக்கும். கெட்டவள் இல்லை, அதுதான் எரிச்சல்.

குமாஸ்தா மேஜையை விட்டு எழாமலே வெர்னெல் கேட்டார்: "பஸ் சும்மாதானே நிக்குது, கண்ணு. என்னை அந்த ஆபீஸ்ல இறக்கி விட்டுருங்களேன். நாலு மணிக்கு மூடிருவான்."

"ஐயோ, மிஸ் வெர்னெல்! நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான் நிக்கிறோம்."

"நிக்க வேணாம். உக்காந்தே வாங்க. பஸ்ஸுல சீட்டு இருக்குல்ல?"

"இப்ப ஆத்தங்கரையில மௌன நேரம் இருக்கே. இவங்கெல்லாம் அதுக்குன்னே வந்திருக்காங்க. இன்னைக்கு முடியாதுங்க. நாளைக்கு வேணா..."

வெர்னெல் கண்ணாடியைக் கழற்றினார். "அது என் வசனம்டி. நீ சொல்லிட்டே."

கூட்டம் கைதட்டியது. நாடகத்தின் கடைசிக் காட்சி என்று நினைத்துவிட்டார்கள்! ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஆத்திரம் இப்போது எழுதும்போதும் தீரவில்லை.

6

முடிவுகள்.

(அ) ஆசிரியருக்கு: பஸ் திரும்புகிறது, எல்லோரும் கைகோத்துப் பாடுகிறார்கள், சூரிய— போதும்.

(ஆ) எனக்கு: டிரைவர் டெல்வின் பயணிகளை ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு, மௌனம் கலைவதற்குள் வெர்னெலை ஏற்றிக்கொண்டு பறக்கிறான். அப்படிச் செய்தால் திங்கட்கிழமை அவன் வேலை போய்விடும். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். என் ஆத்திரத்துக்கு அவன் சோற்றில் கை வைக்க மாட்டேன்.

(இ) நடந்தது: அதை எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

7

அதனால் இப்படிச் செய்கிறேன். பஸ்ஸில் ஆறாவது வரிசை ஜன்னல் சீட் உங்களுடையது. முதல் பத்தியிலேயே ஏறிவிட்டீர்கள், நான்தான் சொல்லவில்லை. நீங்களும் அர்த்தமுள்ளதாக ஏதாவது கிடைக்கும் என்றுதானே வந்தீர்கள்?

வெர்னெல் பஸ் படிக்குக் கீழே கைப்பையோடு நிற்கிறார். டெல்வின் கதவை இன்னும் சாத்தவில்லை.

"ஓசி டிக்கெட்டுக்காரங்க கேட்டா செல்லாதுண்ணே," என்றான், வழியை மாற்றச் சொன்ன என்னிடம். பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்துக் குரல் கொடுத்தான்: "காசு குடுத்து வந்தவங்க யாராவது ஒருத்தர் கேட்டாப் போதும், வழிய மாத்தலாம். கம்பெனி ரூலே அதான். யாராச்சும் கேக்குறீங்களா?"

மெரிடித் தன் கையிலிருந்த பயணத்திட்டத்தைப் பார்க்கிறாள். முன் சீட்டுக்காரர் தன் 'தகுதியில்லை' தாள் கசங்காமல் பைக்குள் வைக்கிறார்.

மணி மூன்று பதினைந்து. நாற்பது நிமிஷ வழி.

வெர்னெல் உங்கள் ஜன்னலைத்தான் பார்க்கிறார்.

மணி மூன்று பதினாறு. நீங்கள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.